‘வீலிங் குரு’ பேசுகிறேன்

ரெட்டியார்பட்டியில் ஒரு பையன் வீலிங் செய்து, அதாவது பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி, விழுந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஸ்லோமோஷனில் போட்டதைப் பார்த்துவிட்டேன், சிரிப்புப் பாட்டு சேர்த்ததையும் பார்த்துவிட்டேன். கடைசியில் “இவருதான் இவனுக்குக் குரு” என்று என் பெயரைக் கோத்துவிட்ட பதிவையும், அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்ட நம்ம ஆட்கள் யார் யார் என்பதையும் ஒருவர் விடாமல் பார்த்துவிட்டேன். அதில் பாதிப்பேர் என் கடையில் கடன் சொல்லி ஆயில் மாற்றிக்கொண்டு போனவர்கள். இருக்கட்டும்.

அந்தப் பையன் என்னிடம் படித்தவன் இல்லை. ஒருநாள் கடைக்கு வந்து “அண்ணாச்சி, வீலிங் சொல்லித் தருவியளாமே” என்று கேட்டான். ஹெல்மெட், ஷூ, முழங்காலுக்குப் பேட், வீட்டில் ஒரு வார்த்தை, இவ்வளவும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவன் வரவில்லை. பிறகு நாலுவழிச்சாலையில், ரப்பர் செருப்போடு, ஹெல்மெட்டை சைடு மிர்ரரில் தொங்கவிட்டுக்கொண்டு, கூட்டாளி செல்லில் படம் எடுக்கத் தூக்கினான், விழுந்தான். தோள்பட்டை எலும்பு போய்விட்டது, மணிக்கட்டும் போய்விட்டது. இதற்கு நான் குரு என்றால், திருப்பி அனுப்பிய வாத்தியாருக்கும் நல்லாசிரியர் விருது கொடுங்கள்.

நான் சொல்லிக்கொண்டிருப்பது ஒரே விஷயம்தான். இதே பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், கடையிலும் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். வீலிங் கற்றுக்கொள்கிறவன் வேறு, ரோட்டில் வீலிங் காட்டுகிறவன் வேறு. இரண்டும் ஒன்று இல்லை. இரண்டையும் ஒரே வசவில் முடித்துவிட்டால் கற்றுக்கொள்ள வருகிறவனும் ஓடிப்போய், போகிற இடம் பைபாஸாகத்தான் இருக்கும்.

அந்த வீடியோவை அத்தனை தடவை பார்த்தீர்களே, அவன் வலது காலைப் பார்த்தீர்களா? யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள், எல்லோருடைய கண்ணும் மேலே போகிற முன் சக்கரத்தில்தான். இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பாதம் ஃபுட்ரெஸ்டில் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. பின் பிரேக் பெடல் தனியாகக் கிடக்கிறது. அவன் விழுந்தது அங்கேதான், வண்டி மல்லாந்தபோது இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன் சக்கரம் ஏறிக்கொண்டே போகும்போது, வண்டியின் மொத்தக் கனமும் பின் சக்கரத்தின் மேல் நேராக வந்து நிற்கிற ஒரு நிலை உண்டு. அதைத் தாண்டினால் பின்னால்தான் சாயும். அந்த இடத்தில் காப்பாற்றுவது பின் பிரேக். லேசாக மிதித்தால் பின் சக்கரம் வேகம் குறையும், மூக்கு தானாக இறங்கும். காலை அங்கே வைக்காதவனுக்குக் கையில் மிச்சம் இருப்பது ஆக்சிலேட்டர்தான். உடம்பு பின்னால் தொங்கும்போது கை ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கும், அந்த இழுப்பிலேயே ஆக்சிலேட்டர் இன்னும் முறுக்கிக்கொள்ளும், வண்டி இன்னும் ஏறும். இதற்குப் பேர் திமிர் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று ஒருத்தர் கமெண்டில் கேட்டிருந்தார். ஐயா, ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். முதுகு தரையில் படாமல் பார்த்துக்கொள்ளாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான் பையனாக வேலைக்கு நின்ற ஒர்க்‌ஷாப்பின் மூத்த மெக்கானிக். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. இப்போது அதற்குக் கோயில் கட்டாத குறைதான். 1996-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் இன்றைக்கும் பழசு என்ன விலை சொன்னாலும் வாங்க ஆள் நிற்கிறது. 98 சிசிதான், எடை நூறு கிலோவைச் சுற்றி, டூ ஸ்ட்ரோக். கிளட்சை அசந்து விட்டால் கேட்காமலே முன் பக்கம் எழும்பும். கோடையில் தண்ணீர் வற்றிய குளத்துக்குள்ளே கூட்டிக்கொண்டு போவார். மாடு மேய்க்கிறவர்களைத் தவிர ஒரு ஆள் கிடையாது.

போனதும் தூக்கச் சொல்வார் என்று நினைத்தேன். “ஏலே, ஏத்த எவனும் ஏத்திப்புடுவான். மொதல்ல எறக்கப் படி” என்றார். ஃபர்ஸ்ட் கியர், ஆள் நடக்கிற வேகம். கிளட்சில் இரண்டு விரல். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடிக்கிற இடம் வரைக்கும் விட்டால் முன் சக்கரம் ஒரு சாண் எழும்பும். எழும்பிய உடனே பின் பிரேக். கீழே. மறுபடியும் ஒரு சாண், மறுபடியும் பிரேக். அந்தக் கோடை பூராவும் அதுதான். என் செருப்புக் காலைப் பார்த்து முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டு, அவருடைய பழைய ஷூவைக் கொடுத்தார், இரண்டு சைஸ் பெரிசு. ஷூவுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் தீப்பெட்டி அட்டை ஒன்றைச் செருகிவிடுவார். அட்டை கசங்கவும் கூடாது, கீழே விழவும் கூடாது. விழுந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நிற்க வேண்டும், அன்றைக்கு அவ்வளவுதான். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் முன் சக்கரம் தொம்மென்று தரையில் மோதும். அப்போதெல்லாம் குனிந்து முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் பைப்பை வேஸ்ட் துணியால் துடைத்து, துணியில் ஒட்டிய எண்ணெய்க் கோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “சீல் போச்சுல. ஒன் சம்பளத்துல பிடிக்கேன்.” பிடித்தார்.

அந்த மனுசர் ரோட்டில் ஒரு தடவைகூட முன் சக்கரத்தைத் தூக்கி நான் பார்த்தது இல்லை. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் தூக்க மாட்டார். இதைத்தான் சொல்கிறேன். கற்றுக்கொண்டவனுக்குக் காட்ட வேண்டிய அவசியம் வராது. (எல்லோருக்கும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலும்.)

ரோட்டில் ஏன் கூடாது என்று எனக்கும் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். முன் சக்கரம் காற்றில் இருந்தால் ஹேண்டிலைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை, வண்டியைப் பெரும்பகுதி நிறுத்துகிற முன் பிரேக்கும் இல்லை, டேங்குக்கு அந்தப் பக்கம் ஆடு வருகிறதா ஆச்சி வருகிறாளா என்பதும் தெரியாது. விழுகிறவன் மட்டும் விழுந்தால் போகட்டும் என்று விடலாம், நாலுவழிச்சாலையில் அப்படியா நடக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஜெயில், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-இல் காஞ்சிபுரம் பக்கம் வீலிங் செய்து விழுந்த யூடியூபருக்கு 10 வருடம் லைசென்ஸை ரத்து செய்தார்களே, அது சரியான நடவடிக்கை என்று அன்றைக்கே இங்கே எழுதினேன். அப்போது “அண்ணாச்சி கரெக்டு” என்று கை தட்டியவர்கள்தான் இப்போது என்னைக் குரு ஆக்கியிருக்கிறீர்கள்.

“நீ சொல்லிக்கொடுத்த பையன் நாளைக்கு ரோட்டில் செய்ய மாட்டான் என்று உத்தரவாதம் தருவியா?” தர மாட்டேன். டிரைவிங் ஸ்கூல்காரர் தருகிறாரா? அடுத்தது.

“இதைக் கற்று என்ன பிரயோஜனம்?” இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். 129 கிலோ கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுவதில் என்ன பிரயோஜனம்? அந்தக் கல்லை வைத்து யாராவது வீடு கட்டினார்களா? அதை வீரம் என்கிறோம், பேப்பரில் படம் போடுகிறோம், பெண்பிள்ளைகள் தூக்கினால் இன்னும் பெரிய படம் போடுகிறோம், போட வேண்டியதுதான், நானே போய்ப் பார்த்துக் கை தட்டியிருக்கிறேன். அங்கே எவனும் எடுத்த எடுப்பில் பெரிய கல்லில் கை வைக்க மாட்டான். 45 கிலோ கல்லும் வரிசையில் கிடக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், தூக்குவதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. நான் கேட்பது அந்த ஒரு இடத்தைத்தான்.

இடம் இல்லாமலும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் வருடக்கணக்காக ரேஸ் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்த பிறகுதான் அங்கே மாறினார்கள். கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையம் டிராக் இருக்கிறது. நமக்கு? திருநெல்வேலியிலிருந்து கோவை 300 கிலோமீட்டருக்கு மேல், சென்னை 600-க்கு மேல். பக்கத்தில் கயத்தாறிலும் அதே போர்க்காலத்து ஓடுதளம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆம்புலன்ஸ் ஒன்று, பொறுப்பான ஆள் நாலு பேர். இதை மனுவாக எழுதி ஒரு அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார், அவரும் படித்தார், இரண்டு பேரும் என் நரைத்த மீசையைப் பார்த்தார்கள். சரி, வந்துவிட்டேன்.

அப்புறம் ஊர்வலங்கள். தலைவர் பிறந்தநாள், நினைவுநாள், மாலை போடப் போகிற நாள். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, ஒரு வண்டியில் மூன்று பேர், முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் போவார்களே, அந்த வீடியோவுக்குச் சிரிப்புப் பாட்டு போட்டவர்கள் யார்? காட்டுங்கள் பார்ப்போம். மாட்டீர்கள். அங்கே கை வைத்தால் வீடு தேடி வருவான் என்று தெரியும். தனியாக விழுந்து கிடக்கிறவன் என்றால் தைரியம் பொங்கிக்கொண்டு வருகிறது.

17 வயசுப் பையனுக்கு 200 சிசி வண்டியைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்து அதையும் முகநூலில் போட்ட அப்பாவுக்கு நீங்கள் போட்டது ஹார்ட்டு. நான் எண்ணவில்லை, ஆனால் நிறைய. அந்த வயசில் 50 சிசிக்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸே கிடைக்கும். மைனர் ஏதாவது செய்தால் 199ஏ பிரிவில் பெற்றவருக்கு மூன்று வருடம் வரை ஜெயில், 25,000 அபராதம், வண்டி பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் இல்லை. அந்த அப்பா போன மாதம் என் கடைக்கு வந்து பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தை, பெரிசாக மாற்றச் சொன்னார். பையன் ஆசைப்படுகிறானாம். பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிசாக்கினால் முன் பக்கம் சுலபமாக எழும்பும், அதற்குத்தான் கேட்கிறான் என்று விளக்கினேன். வேறு கடையில் மாற்றிக்கொண்டார். அவர் கமெண்டும் இருக்கிறது அந்த வீடியோவுக்குக் கீழே: “இந்தக் காலத்துப் பசங்க வளர்ப்பு சரியில்லை.”

“வயசான காலத்துல இவனுக்கு எதுக்கு இந்த வேலை, சின்னப் பசங்ககூட.” இதை எழுதியவர் எனக்குச் சொந்தக்காரர். பெயர் சொல்லவில்லை. சித்தப்பா முறை. அவர் மகன் திருநெல்வேலி வந்தால் என் வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போவான். என்ன அர்த்தத்தில் “சின்னப் பசங்ககூட” என்று எழுதினீர்கள்? அதை என் வீட்டுக்காரி படித்தாள். என் மகள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட, மறுநாள் அவள் “அப்பா, நீங்க அந்த அண்ணனைத் தள்ளிவிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. என்ன சொல்ல? கிளட்ச், பிரேக், பேலன்ஸ் எல்லாம் விளக்கவா?

காலையில் ஆறு மணிக்கு எழுந்து, என் பெட்ரோலைப் போட்டு, சீவலப்பேரி ரோட்டில் விற்காமல் கிடக்கிற பிளாட்டின் சொந்தக்காரரிடம் கையைக் காலைப் பிடித்து அனுமதி வாங்கி, கல் பொறுக்கி, முள் வெட்டி, ஒரு ரூபாய் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு சாண் உயரத்திலேயே “இவ்வளவு கஷ்டமா அண்ணாச்சி” என்று நின்றுவிடுகிறார்கள். வீலிங் ஆசையை நான் விட வைத்த அளவுக்கு உங்கள் அறிவுரை எதுவும் விட வைத்திருக்காது. கிளட்ச் பிளேட் விலையைச் சொன்னாலே பாதி ஆசை போய்விடும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்தேன். ஆமாம், போனேன், அதற்கும் ஒரு பதிவு போடுங்கள். அவன் அம்மா என்னை யாரென்று தெரியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பையன் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். வீடியோவைப் பற்றி நான் கேட்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன், ஸ்டேஷனில் என்றான். வண்டி வெளியே வந்ததும் கட்டி இழுத்துக் கடைக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஹேண்டில் திரும்புகிற இடத்துக் கோன்செட் போயிருக்கும், ஃபோர்க் வளைந்திருக்கும். லேபர் வாங்க மாட்டேன்.

வீடியோவை நீக்கச் சொல்லி, அதைப் போட்ட மூன்று பக்கங்களுக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் மட்டும் எடுத்தார். மற்ற இரண்டு பேரும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும், அதனால் இங்கேயே கேட்கிறேன், எடுத்துவிடுங்கள்.

இந்த ஞாயிறும் சீவலப்பேரி ரோட்டில்தான் இருப்பேன், ஆறரை மணியிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும். சந்தேகம் இருப்பவர்கள் வந்து நின்று பார்க்கலாம், சித்தப்பா உட்பட. வண்டியோடு வருகிறவர்கள் ஹெல்மெட், ஷூ, லைசென்ஸ் மூன்றும் கொண்டுவாருங்கள். செல்லில் படம் எடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.