காற்றாலைக்கு முன் கம்பியைப் பாருங்கள்

மன்னார்த் தீவின் காற்றாலைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் தீவை விட்டு எந்த வழியாக வெளியே போகிறது என்று பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலங்கைக்குக் காற்று மின்சாரம் கட்டாயம் வேண்டும். 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாடு பட்ட பாடும், ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போன மின்வெட்டும் யாருக்கும் மறந்திருக்காது. மே முதல் செப்டம்பர் வரை மன்னாரில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் வேகத்துக்கு எரிபொருளும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலைப் பண்ணை அந்தக் காற்றை நம்பித்தான் கட்டப்பட்டது. தெற்குக் கரையோரமாக 30 காற்றாலைகள், 100 மெகாவாட்டுக்குச் சற்று மேல். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டப்பட்டு, மின்சார சபையின் சொந்தச் சொத்தாக எழுந்தது. அது நல்ல விஷயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், காற்று நன்றாக வீசும் அதே இடம்தான் பறவைகளுக்கும் வாசல். வலசைப் பறவைகள் வந்துபோகும் மத்திய ஆசியப் பறப்புப் பாதை சுமார் 30 நாடுகளைக் கடந்து வருகிறது. இந்தியாவின் தென்முனையைத் தாண்டி வரும் கூட்டங்கள் ராமர் பாலத்தின் மணல்திட்டுகள் வழியாக மன்னாருக்குள் இறங்குகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜிபிஎஸ் பொருத்தி விட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை போய்வந்தன. தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் உள்ள வங்காலை 2008இல் சரணாலயமானது. 2010இல் 4,839 ஹெக்டேயருடன், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரை, ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன் எல்லாம் வந்து தங்கும் சேற்று நிலம் அது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வலசைப் பறவைகள் பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பிறகு வருகின்றன, ஏப்ரலுக்குள் போய்விடுகின்றன. சோளகம் உச்சத்தில் இருப்பதோ மே முதல் செப்டம்பர் வரை. அதாவது பறவைகள் அதிகம் இருக்கும் காலத்தில் ஆபத்தான சில மணி நேரம் காற்றாலையை நிறுத்தினால், ஆண்டு உற்பத்தியில் ஏற்படும் இழப்பு மற்ற இடங்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வாடைக் காலத்திலும் காற்று உண்டு, மறுக்கவில்லை. சோளகத்திலேயே ராமர் பாலத்து மணல்திட்டுகளில் முட்டையிடும் ஆலா எனும் கடற்பறவைகளும் உண்டு. அதனால் இது முழுத் தீர்வு ஆகாது. ஆனாலும் சுழலும் இயந்திரத்தை நிறுத்த முடியும். கூட்டம் வருவதை ரேடாரில் பார்த்து, ஆளை வைத்துப் பார்த்து, நிறுத்தலாம். உலகில் பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள்.

கம்பியை நிறுத்த முடியாது.

தீவில் காற்றாலை மின்சாரம் வந்து சேரும் நடுக்குடா துணை மின்நிலையத்திலிருந்து 220 கிலோவோல்ட் மின்பாதை தீவைக் கடந்து பெருநிலத்துக்குப் போகிறது. வங்காலை ஈரநிலத்தின் மேலாகத்தான் அது போகிறது. பூநாரைகள் அந்தக் கம்பிகளில் அடிபட்டு விழுந்த செய்திகள் வந்தன. ஏன் அடிபடுகின்றன? உடல் கனமான பறவை, சட்டென்று திரும்ப முடியாது. இரவிலும் விடியற்காலை மங்கலிலும் ஒரு சேற்றுத் திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும். மின்சாரம் ஓடும் தடித்த கம்பி தெரிந்து மேலே எழும்பும்போது, உச்சியில் இடிமின்னலுக்காகக் கட்டியிருக்கும் மெல்லிய கம்பியில் போய் மோதிவிடும். அந்தக் கம்பிதான் பறவைகளுக்கு மிகவும் ஆபத்தானது. காற்று இல்லாத நாளிலும், காற்றாலை ஓடாத இரவிலும் அது அங்கேயே இருக்கும்.

கம்பியில் பளிச்சென்று தெரியும் தகடுகளைத் தொங்கவிடலாம். மோதல் குறையும், நிற்காது. இருட்டில் அதன் பயன் இன்னும் குறைவு. நிலத்தடிக் கேபிள் போடலாம், செலவு பல மடங்கு. ராஜஸ்தானில் கானமயில் என்ற அழிந்துவரும் பறவையைக் காப்பாற்ற இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் மின்பாதைகளை நிலத்தடிக்கு மாற்றச் சொன்னது. அவ்வளவு தூரத்துக்கு முடியாது என்று அரசு வாதாடி, 2024இல் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது. அங்கே பிரச்சினை பரப்பளவு. நம்முடைய ஈரநிலத்தைக் கடக்கும் துண்டு அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. திட்டம் போடும் முதல் நாளிலேயே அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்திருந்தால், அது மொத்த முதலீட்டில் ஒரு பகுதியாகப் போயிருக்கும். கட்டிய பிறகு கேட்டால் ‘காசில்லை’ என்றுதான் பதில் வரும்.

அதானி நிறுவனத்தின் கதையும் இங்கே வருகிறது. மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட், யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 2024இல் ஒப்புதல். சுற்றாடல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதற்குப் பிறகு மன்னாரில் 50 மெகாவாட் திட்டம் ஒன்று 4.65 சதத்துக்குக் கிடைத்தது! போட்டி விலைமனு கேட்டால் இவ்வளவு இறங்கும் என்றால், மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை வைத்து ஈரநிலத்தின் கீழ் எவ்வளவு தூரம் கேபிள் பதிக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?

சனத்தின் பக்கமும் இதேதான். 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைப் பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களை மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார். செப்டம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் உள்ளே போனபோது மறித்தவர்கள் அடிவாங்கினார்கள். அதை எந்த வளர்ச்சியின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. தீவு தட்டையான மணல். மழைநீர் கடலுக்கு ஓடும் பள்ளங்களுக்குக் குறுக்கே பாதையையும் காற்றாலை மேடையையும் உயர்த்தினால் நீர் ஊருக்குள் நிற்கும் என்று மக்கள் சொல்கிறார்கள். கரைவலைக்காரர் தங்கள் பாட்டைப் பற்றி, அதாவது வலை இழுக்கும் கரையிடத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். இவர்களைப் ‘பின்னால் இருந்து யாரோ தூண்டுகிறார்கள்’ என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, இனி என்ன செய்யலாம்? மன்னார்த் தீவுக்குள் இனி ஒரு காற்றாலையும் வேண்டாம் என்பது என் கருத்து. இருப்பவை ஓடட்டும், பறவைக் காலத்தில் நிறுத்தி ஓடட்டும். வங்காலைக் கம்பிகளின் கீழ் மாதாமாதம் எத்தனை பறவைகள் செத்துக் கிடக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை மின்பாதையை நடத்துபவர்கள் பொதுவில் வைக்கட்டும். அப்புறம், பளையில் 2014 முதல் காற்றாலைகள் ஓடுகின்றன, புத்தளத்தில் அதற்கும் முன்னரே. அங்கெல்லாம் கிடைத்த அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

பூநகரியிலும் காற்று உண்டு, களப்பும் உண்டு, பறவையும் உண்டு. அந்தக் காற்றுக்கும் விலைமனு கோரும் நாள் வரும். பூநகரி, கிளிநொச்சிப் பக்கத்து நண்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். காற்றாலை எங்கே நிற்கும் என்ற படத்தோடு, மின்பாதை களப்பை எங்கே எப்படிக் கடக்கும் என்ற படத்தையும் தமிழில் போடச் சொல்லி இப்போதே பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.