இன்றைக்கு எந்தப் பில்லி?

பிள்ளைகள் முறை வைத்து நாயக வேடம் கட்டும் இசை நாடகங்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது நம் ஆட்கள் முதலில் கேட்பது இதுதான்: "நல்லா ஆடுற பையன் எந்த நாள் வர்றான்?" லண்டனில் ஒரு குடும்பம் நாடகம் பார்க்கக் கிளம்பினால் ஆகும் செலவுக்கு அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு தப்பு இருக்கிறது. ஒருவர்தான் அசல், மற்றவர்கள் அவர் வராத நாளுக்கு என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம். சுரங்க ஊர்ப் பையன் ஒருவன் பாலே ஆடக் கிளம்பும் 'பில்லி எலியட்'டிலும், புத்தகப் புழுவான ஒரு சிறுமியின் கதையான 'மெட்டில்டா'விலும் அப்படி ஒரு அசல் கிடையாது. மூவரோ நால்வரோ, எல்லாருமே ராஜபார்ட்தான். யாரும் யாருக்கும் பதில் ஆள் இல்லை.

ஏன் ஒரே பிள்ளை போதாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் வாரத்துக்கு 8 காட்சி. இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளை இப்படி மேடையேற, அது வசிக்கும் பகுதியின் உள்ளாட்சி மன்றம் உரிமம் தர வேண்டும். 9 வயதும் அதற்கு மேலும் என்றால் ஒரு நாளில் அரங்கத்தில் இருக்கக்கூடியது அதிகபட்சம் ஒன்பதரை மணி நேரம். அதில் நடிப்பும் ஒத்திகையும் சேர்த்து 5 மணி நேரம்தான். இரவு 11 மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு 12 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி கூப்பிடலாம். தொடர்ந்து 6 நாளுக்கு மேல் வேலை வாங்க முடியாது. பில்லி நாடகம் இடைவேளையோடு சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பையன் மேடையை விட்டுப் போகிற நேரம் மிகக் குறைவு. மதியக் காட்சியையும் இரவுக் காட்சியையும் ஒரே பையன் செய்தால் அந்த 5 மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு வாரம் இரண்டு காட்சி. மிச்ச நாளில் பள்ளிக்கூடம், பயிற்சி, அதோடு இன்னொருவர் ஆடும் காட்சிக்குத் தயார்நிலையில் காத்திருக்கும் முறை. 12 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறையாமல் உரிமம் பெற்ற பாதுகாவலர்களும் கூடவே இருக்க வேண்டும்.

சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாலும் உடம்பு விடாது. பில்லி வேடத்துக்குப் பெரும்பாலும் 11 முதல் 14 வயது வரையிலான பையன்கள் வேண்டும். பாலே, காலணியால் தாளம் தட்டும் டாப் நடனம், குட்டிக்கரணம், பாட்டு, அதற்கு மேல் டர்ஹம் சுரங்க ஊர்ப் பேச்சு. உடம்பு வேகமாக வளரும் வயது அது. கையும் காலும் நீண்டுகொண்டே போகும்போது சுழலும் அச்சே இடம் மாறும். போன மாதம் நான்கு சுற்று சுற்றியவன் இந்த மாதம் இரண்டிலேயே தள்ளாடுவான். அது சோம்பல் இல்லை, உடம்பு புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. தினமும் குதித்துக் குதித்து இறங்கும் வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகால் வலியும் சகஜம். அதற்கு மருந்து ஓய்வுதான். வாரம் 8 காட்சி ஆடுகிறவனுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்?

பிறகு குரல். பருவ வயதில் பையனின் குரல் உடைவதற்கு நம்மிடம் அழகான சொல்லே இருக்கிறது: மகரக்கட்டு. 1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து, சிறுவர்களே வேடம் கட்டிய பாய்ஸ் கம்பெனிகள் அஞ்சிய விஷயம் அது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால் வேடம் கைமாறிவிடும். லண்டனிலும் நியூயார்க்கிலும் நிலைமை அதேதான். சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிக் கொஞ்ச காலம் சமாளிக்கலாம். ஆனால் பில்லியின் பாட்டில் உச்சத்தில் குரல் பிசிறினால் பார்வையாளர் கதையை விட்டுவிட்டுப் பையனுக்காகப் பதறத் தொடங்கிவிடுவார். அங்கே வேடம் முடிந்தது. பின்னாளில் ஸ்பைடர்மேனாக வந்த டாம் ஹாலண்ட் பில்லியாக ஆடியது 2008 செப்டம்பரிலிருந்து 2010 மே வரை. இந்த வேடத்தில் அது நல்ல நீளம். நாடகமோ விக்டோரியா பேலஸ் அரங்கில் 2005இலிருந்து 2016 வரை ஓடியது. 2014 செப்டம்பரில் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பிய காட்சியின் முடிவில் பழைய, புதிய பில்லிகள் 25 பேர் ஒன்றாக மேடையில் ஆடினார்கள். இந்த வேடம் எத்தனை கால்களில் நடந்து வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிள்ளை மாறும்போது மேடையில் என்னென்ன மாறுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பெயர்ப் பலகையோடு முடிகிற விஷயம் இல்லை அது. மேடையின் முன்விளிம்பில் எண்கள் குறித்திருப்பார்கள். நடுப்புள்ளி பூஜ்யம், இரண்டு பக்கமும் எண்கள் ஏறிக்கொண்டே போகும். பெரியவர்கள் இடம் பிடிப்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான். பிள்ளையின் காலடிகளை எண்ணி இடம் பிடித்தால் வம்பு: உயரமான பையன் ஐந்து அடியில் கடக்கும் தூரத்தைக் குள்ளமான பையன் ஆறு அடியில் கடப்பான். தூக்கிச் சுழற்றும் இடங்களில் எதிரே இருப்பவரின் கை போகும் உயரம் மாறும். அந்தரத்தில் பறக்கும் காட்சியில் எடை மாறும், கம்பியை இயக்குபவர் அன்றைய பையனுக்கு ஏற்றபடி இழுக்க வேண்டும். ஒலிப்பலகையில் ஒவ்வொரு பிள்ளையின் குரலுக்கும் தனி அமைப்பைச் சேமித்து வைத்திருப்பார்கள். மயிர்க்காலோரம் ஒட்டிய மைக்கில் வியர்வை இறங்கினால் சத்தம் திடீரென்று தண்ணீருக்கடியில் போனதுபோல் மங்கும். ஆடிக்கொண்டே பாடும் வேடத்துக்கு இது அடிக்கடி வரும் தொல்லை, அதனால்தான் இரண்டாவது மைக்கையும் கட்டி அனுப்பும் வழக்கம்.

இதோடு ஜோடிக் கணக்கும் இருக்கிறது. பில்லி மட்டும் மாறுவதில்லை. நண்பன் மைக்கேலும், பாலே டீச்சரின் மகள் டெபியும் முறை வைத்துத்தான் வருகிறார்கள். 4 பில்லி, 3 மைக்கேல், 3 டெபி இருந்தால் 36 சேர்க்கை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனியாக முழு ஒத்திகை நடத்த யாராலும் முடியாது. புதிய பிள்ளை உள்ளே வரும்போது முழுக் குழுவோடும் ஒத்திகை கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான். அதுவரை பயிற்சிக் கூடத்தில் தரையில் ஒட்டிய டேப்தான் மேடை. அப்பாவாகவும் டீச்சராகவும் நடிக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு இரவும் வேறொரு மகனிடம், வேறொரு மாணவனிடம் அதே வரியைச் சொல்கிறார்கள். ஒருவன் முறைத்துக்கொண்டு கேட்பான், இன்னொருவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பான். அதற்கேற்பப் பெரியவரின் அதட்டலும் மாறும். இந்த நாடகங்களில் பெரியவர்களின் நடிப்பு வருடக்கணக்கில் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு முறை வைத்து வரும் பிள்ளைகளே பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் புரியும். கீர்த்தனை ஒன்று, ராகம் ஒன்று, தாளம் ஒன்று. ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கு வந்தால் பாடுகிறவர் யாரென்று தெரிந்துவிடும். பில்லியில் அந்த இடம் இரண்டாம் பாதியில் வருகிறது. ராயல் பாலே பள்ளித் தேர்வறையில், ஆடும்போது என்ன உணர்கிறாய் என்று கேட்கிறார்கள். பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட ஆரம்பித்து, பாட்டு போதாமல் ஆடத் தொடங்குகிறான். நடனம் அமைத்த பீட்டர் டார்லிங் இந்தப் பகுதியை ஒவ்வொரு பையனின் பலத்துக்கும் தக்கபடி மாற்றி அமைக்க இடம் வைத்திருந்தார். 2008 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கியபோது மூன்று பில்லிகள். டேவிட் அல்வாரெஸ் பாலே வழியில் வந்தவர். ட்ரென்ட் கோவாலிக் ஐரிஷ் நடனத்தில் உலகப் பட்டம் வாங்கியவர். கிரில் குலிஷ் பால்ரூம் நடனப் போட்டிகளில் வளர்ந்தவர். மூன்று பேருக்கும் ஒரே அடவைக் கட்டாயப்படுத்தியிருந்தால் அந்தக் காட்சியே பொய்யாகிப் போயிருக்கும். தன்னிடம் இருப்பதை முதல்முறையாக வெளியே கொட்டும் பையன் எப்படி இன்னொருவனின் பலத்தைக் கொட்டுவான்?

நடனம் தெரியாதவர்கள் அம்மாவின் கடிதக் காட்சியைக் கவனியுங்கள். செத்துப்போன அம்மா விட்டுச்சென்ற கடிதத்தைப் பையன் டீச்சரிடம் நீட்டுகிறான். அவர் வாசிக்கத் தொடங்குகிறார். பையனுக்கு அது மனப்பாடம். டீச்சர் வாசித்துக்கொண்டிருக்க அவன் பார்க்காமலே சொல்ல ஆரம்பிக்கும் அந்த நொடியைப் பிடியுங்கள். ஒரு பையன் அதைப் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல் வேகமாகச் சொல்லலாம், அப்போது எத்தனை நூறு தடவை படித்திருப்பான் என்பது நமக்கு உறைக்கும். இன்னொருவன் ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுச் சொல்லலாம், அப்போது அவன் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். இதில் எது சரி என்று கேட்டால் இரண்டுமே சரி.

மெட்டில்டாவில் சோதனை வேறு. 2010 இறுதியில் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் தொடங்கி 2011இல் லண்டன் கேம்பிரிட்ஜ் அரங்குக்கு வந்த நாடகம் அது. அதற்கும் நடனம் பீட்டர் டார்லிங்தான். அங்கே நாயகியின் பெரிய ஆயுதம் அசையாமல் நிற்பது. நூலகப் பெண்மணிக்கு அவள் தவணை தவணையாக ஒரு கதை சொல்கிறாள். மேடையில் அப்போது பெரிய ஆட்டமோ ஓட்டமோ கிடையாது, ஒரு சிறுமியின் குரலும் கைகளும்தான். ஒவ்வொரு தவணையிலும் கதை முன்னேற முன்னேற அவளுக்கும் அது வளர வேண்டும். எல்லாத் தவணையையும் ஒரே உற்சாகத்தில் சொல்லிவிட்டால், கடைசியில் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரியவரும்போது அரங்கில் ஒன்றும் நடக்காது. பின்னால் சுற்றிலும் கூச்சல் ஏறி ஏறி, சட்டென்று எல்லாம் அடங்கி, அவள் மட்டும் பாடும் இடம் ஒன்று வரும். கண்ணை எங்கே வைக்கிறாள், எப்போது மூச்சு எடுக்கிறாள் என்று பாருங்கள். நான்கு மெட்டில்டாக்களும் அங்கே நான்கு விதம்.

விருதுக் கமிட்டிகள் இதை எப்படிக் கையாண்டன என்பதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. 2006இல் லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியர் விருதை லண்டனின் முதல் மூன்று பில்லிகளான ஜேம்ஸ் லோமாஸ், ஜார்ஜ் மக்வாயர், லியாம் மோவர் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2009இல் பிராட்வேயின் டோனி விருதுக்காரர்களும் மூன்று பில்லிகளையும் ஒரே போட்டியாளராக ஏற்று, சிறந்த நடிகர் விருதை மூவருக்கும் தந்தார்கள். 2012இல் ஒலிவியர் நான்கு மெட்டில்டாக்களுக்கும் போனது: கிளியோ டெமிட்ரியூ, கெர்ரி இங்க்ரம், சோஃபியா கைலி, எலினோர் வொர்திங்டன் காக்ஸ். எலினோருக்கு அப்போது 10 வயது. அடுத்த ஆண்டு நாடகம் பிராட்வே போனபோது டோனி கமிட்டி அங்குள்ள நான்கு சிறுமிகளையும் போட்டியிலிருந்தே விலக்கி, ஒரு கௌரவ விருது கொடுத்து முடித்துக்கொண்டது. அதே நாடகத்தில் தலைமையாசிரியையாக நடித்த ஆண் நடிகர் பெர்டி கார்வெல் மட்டும் சிறந்த நடிகருக்கான போட்டிப் பட்டியலில் இருந்தார். வாக்களிப்பவர் நான்கு பேரையும் பார்த்திருப்பாரா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு வருடம் முன்பு மூவருக்கும் அதே கேள்வி இருந்ததே! அதைத் தாண்டி வந்தவர்கள், சிறுமிகளின் முறை வந்ததும் பின்வாங்கியது தப்பு.

இந்த நாடகங்களை எந்த ஊரிலாவது இனி பார்க்கப் போகிறவர்களுக்கு. எந்தப் பிள்ளை எந்த நாள் என்று அரங்கம் முன்கூட்டி உறுதி தராது. காய்ச்சலும் சுளுக்கும் அட்டவணை பார்த்து வருவதில்லை. அன்றைய பெயரை உள்ளே நுழையும் கூடத்தில் பலகையில் போட்டிருப்பார்கள். மாலையில் அதைப் படித்துவிட்டு உட்காருங்கள். முடிந்தால் இரண்டு தடவை பாருங்கள், இரண்டையும் விலை குறைந்த இருக்கையில் பார்த்தாலும் பரவாயில்லை. ஒரு தடவை கீழ்த்தளத்தில் முகம் தெரியும் தூரத்தில், ஒரு தடவை மேல்தளத்தின் முன்வரிசையில். பில்லியில் போலீசும் வேலைநிறுத்தம் செய்யும் சுரங்கத் தொழிலாளரும் பாலே வகுப்புச் சிறுமிகளும் ஒருவருக்குள் ஒருவர் பின்னிக்கொண்டு போகும் காட்சியின் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். இரண்டு தடவைக்கும் நடுவில் சில மாதம் விட்டால் பெரும்பாலும் வேறு பிள்ளை வாய்க்கும்.

பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் இவன் முதலிடம், அவள் நான்காமிடம் என்று வரிசை போடாதீர்கள். 10 வயதுப் பிள்ளை தன் பெயரைத் தேடிப் பார்க்கும் காலம் இது. மறுநாள் இரவு அதே பிள்ளை அதே மேடையில் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளை கடிதக் காட்சியில் என்ன செய்தது, எங்கே நிறுத்தியது என்று எழுதினால் படிப்பவருக்கும் உபயோகம்.

கடைசியாக, ஆடாத பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் காட்சி நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பில்லி அதே கட்டடத்துக்குள் காத்திருப்பான். வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருக்கலாம். அவனுடைய டாப் ஷூவும் பாலே ஷூவும் அவன் பெயரோடு தனியாக இருக்கும். மேடையில் இருப்பவனுக்குக் கணுக்கால் பிசகினால் இவன்தான். இடைவேளைக்குப் பிறகு வேறு முகம் வந்து நின்றால் பதற வேண்டாம். அப்பாவும் டீச்சரும் அவனோடு ஏற்கெனவே ஆடியவர்கள், ஒலிப்பலகைக்காரர் அவனுடைய அமைப்புக்கு மாற்றியிருப்பார், கம்பிக்காரருக்கு அவன் எடை தெரியும். தேர்வறைக் காட்சியில் மட்டும் நீங்கள் எதிர்பார்த்திருந்த நடனம் வராது. அவனுடையது வரும்.