இசை விழாவில் டென்ட் எடுக்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள்

குடும்பத்தோடு இசை விழாவுக்குப் போகிறோம், அங்கேயே கட்டிவைத்த டென்ட்டில் கொஞ்சம் வசதியானதாக ஒன்று எடுத்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். "வெட்டவெளியில படுக்கிறதுக்கா இவ்வளவு செலவு? அந்தக் காசுக்கு ஹோட்டல்லயே இருந்திருக்கலாமே" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். இன்னொரு பக்கம், சொந்த டென்ட்டைத் தோளில் சுமந்து போய், சேற்றில் முளை அடித்துக் கட்டினால்தான் அது விழா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கூடுதலாகச் செலவு செய்து தங்குவதில் எந்தத் தவறும் கிடையாது. ஆனால் அந்தக் கூடுதல் பணத்தைக் கம்பளத்துக்கும் சரவிளக்குக்கும் கொடுக்காதீர்கள். இடத்துக்குக் கொடுங்கள்.

ஹோட்டல் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மைதானத்திலேயே தங்குவதன் பெரிய லாபம் இரவில் இல்லை, மதியத்தில் இருக்கிறது. இரண்டு மணி வெயிலில் பிள்ளை கண்ணைக் கசக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பத்து நிமிடத்தில் போய்ப் படுக்கவைக்க ஓர் இடம் இருந்தால், மாலையில் அது எழுந்து நம்மோடு ஆடும். இல்லாவிட்டால் ஆறு மணிக்கு அழுகை, ஏழு மணிக்கு நாம் வெளியே. நாம் யாருக்காக டிக்கெட் எடுத்தோமோ அந்தப் பாடகர் ஒன்பது மணிக்கு மேல்தான் மேடை ஏறுவார். ஹோட்டலில் தங்கியவர்களால் மதியம் போய்த் திரும்ப முடியாது. இரவில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து வரிசையில் நிற்கவும் வேண்டும். ஆகவே டென்ட்தான். கேள்வி எந்த டென்ட் என்பது மட்டுமே.

இங்கேதான் பலர் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வெள்ளைத் துணி, உள்ளே மெத்தை, பின்னால் சூரியன் மறைகிறது. அந்தப் படத்தில் தெரியாத ஒன்று, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது. நான் இப்போது எந்த விழாவாக இருந்தாலும் முதலில் மைதான வரைபடத்தைத்தான் திறப்பேன். சொகுசு டென்ட்டுகளுக்குப் பல விழாக்களில் தனி வயல் ஒதுக்குவார்கள், அது பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில் விழா நடத்துபவர்களே கட்டித்தரும் டென்ட்டுகள் இருக்கும் வொர்தி வியூ என்ற பகுதி, வேலிக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. மேலிருந்து பார்க்க மைதானம் முழுவதும் தெரியும், அழகுதான். ஆனால் ஒவ்வொரு இரவும் அந்தச் சரிவை ஏறித்தான் படுக்கைக்குப் போக வேண்டும். அதே விழாவில் குடும்பங்களுக்கென்றே காக்மில் மெடோ, விக்கெட் கிரவுண்ட் என்று சாதாரண முகாம் வயல்களும் வேலிக்குள் இருக்கின்றன. அங்கே சொந்த டென்ட்டோடு வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டில் எது வசதி என்று கேட்டால், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு என் பதில் இரண்டாவதுதான்.

"மேடையிலிருந்து பதினைந்து நிமிட நடை" என்று போட்டிருந்தால் அது தனி ஆள், காய்ந்த தரை, பகல் வெளிச்சம் என்ற கணக்கு. பிள்ளை நடையில் அது இரட்டிப்பாகும். சேறு வந்துவிட்டால் தள்ளுவண்டி உருளாது, தூக்கித்தான் போக வேண்டும். விசாரிக்கும்போது நான் மூன்று தூரங்களைக் கேட்பேன்: கழிப்பறைக்கு எவ்வளவு, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பெட்டிகளும் கம்பளியும் பிள்ளையும் சேர்ந்து வரும் முதல் நாள்தான் குடும்பத்தின் பொறுமை போகும் நாள்.

அடுத்து இடத்தின் அளவு. பெல் டென்ட் என்று எங்கும் பார்க்கிறோமே, நடுவில் ஒரே கம்பம் வைத்த வட்ட டென்ட், அதன் பரம்பரை ராணுவ முகாம்களில் இருக்கிறது. 1856-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி சிப்லி காப்புரிமை வாங்கிய டென்ட்டும் அந்த வகைதான். வீரர்கள் காலை நடுப்பக்கம் நீட்டி, தலையைச் சுவர்ப்பக்கம் வைத்து, சக்கரத்து ஆரக்கால்கள்போல வட்டமாகப் படுப்பார்கள். படுக்க மட்டும் வந்தவர்களுக்கு அது சரியான வடிவம். நாம் உள்ளே உடை மாற்ற வேண்டும், பிள்ளைக்குக் காலுறை போட வேண்டும், நிமிர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் விட்டமுள்ள டென்ட்டின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர மீட்டர். கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் நடுவில் 3 மீட்டர் உயரமும் ஓரத்துச் சுவரில் முக்கால் மீட்டருக்கும் குறைவான உயரமும்தான் வழக்கம். இடையில் துணி சரிந்து இறங்குகிறது. 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் தலை இடிக்காமல் நிற்கக்கூடிய இடம் அந்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதிலும் நடுக்கம்பம் ஒன்று நிற்கிறது. "ஆறு பேர் தங்கலாம்" என்றால் ஆறு பேர் படுக்கலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பைகளுக்கு இடம் வேண்டுமென்றால் சொன்ன எண்ணிக்கையில் இரண்டைக் கழிப்பது என் வழக்கம்.

என் அம்மா எங்களோடு வருவார். எழுபதைத் தாண்டியவர், பாட்டென்றால் உயிர். அவருக்காக நான் பார்க்கும் முதல் விஷயம் கட்டில். இந்த டென்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் "இரட்டை மெத்தை" என்றால் தரையில் போட்ட மெத்தை. முழங்கால் வலியுள்ளவர் தரையிலிருந்து எழுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அம்மா முதலில் ஒருக்களித்துத் திரும்புவார், ஒரு கையை ஊன்றுவார், மறு கை எதையாவது தேடும். வீட்டில் அந்தக் கைக்குச் சுவர் கிடைக்கும். டென்ட்டில் துணிதான் கிடைக்கும், அது பின்வாங்கும். மகள் எழுந்து கை கொடுக்கும்வரை அவர் அப்படியே இருப்பார், யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று. அந்தச் சங்கடம் நம் பெரியவர்களுக்கு வரக் கூடாது. நாற்காலி உயரத்தில் கால் வைத்த கட்டில் ஒன்று கேட்டால் பல நிறுவனங்கள் கொடுக்கும். படத்தில் வராது, கேட்டால்தான் வரும். வாசலில் நிமிர்ந்தபடியே நுழைய முடியுமா, தரைவிரிப்பின் விளிம்பு தடுக்குமளவு உயர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இழுத்துக் கட்டிய கயிறுகள் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் வெள்ளைத் துணிக் கீற்றுகளை முடிந்துவைப்போம், அம்மாவின் தலைமாட்டில் ஒரு டார்ச் இருக்கும்.

சத்தத்தைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்வதில்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் துணி துணிதான், சத்தத்தை நிறுத்தாது. முக்கியமாக அந்தத் 'தும் தும்' என்ற அடிநாதம் எதையும் ஊடுருவி வரும். தூரம் மட்டுமே உதவும். திறந்தவெளியில் ஒலி கிளம்பும் இடத்திலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் பெரிய மேடையைவிட இரவுமுழுக்க ஓடும் நடன மேடைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரிய மேடை ஒரு நேரத்தில் அடங்கிவிடும், அவை அடங்காது. மேடை முன்னால் நிற்கும்போது காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இசை அரங்குகளுக்கு வைத்த மேல் வரம்பே சராசரி 100 டெசிபல். அதே நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். 100 டெசிபல் என்றால் பெரியவர்களுக்கே வாரத்துக்கு இருபது நிமிடம்தான் என்று ஆகிறது. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. தலையைச் சுற்றி அணியும் காதுமூடி பிள்ளைகளுக்கு இல்லாமல் மேடைப்பக்கம் போகாதீர்கள். டென்ட்டை ஒரு படி குறைத்தாவது நல்லதாக வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

மழை எல்லாரையும் ஒன்றாக்கிவிடும். கிளாஸ்டன்பரியில் 2005-ல் வெள்ளிக்கிழமை காலை இடியோடு கொட்டிய மழையில் தாழ்வான பகுதிகளில் இருந்த டென்ட்டுகள் நூற்றுக்கணக்கில் மூழ்கின. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் என்ற விழாவில் 2023-ல் மழை வந்து தரை பசைபோல ஆனதும் வாசல்களை மூடிவிட்டார்கள். பல்லாயிரம் பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள், சொகுசு வண்டியில் வந்தவர்களும்தான். அதனால் சரிவின் அடியில் டென்ட் கொடுத்தால் மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். வந்து இறங்கிய உடனே, பைகளைப் பிரிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

பருத்திக் கான்வாஸா, பாலியஸ்டரா என்றால் பிள்ளைகளுக்குப் பருத்தி. நனைந்தால் நூல் உப்பி இடைவெளி அடைபடும், காய்ந்திருக்கும்போது காற்று போகும், விடிகாலையில் உள்ளே துணி வியர்ப்பது குறையும். பக்கச் சுவரைச் சுருட்டி மேலே கட்டிவிட்டால் மதியத் தூக்கத்துக்கு நிழலும் காற்றும் கிடைக்கும். மெல்லிய நைலான் டென்ட்டில் மதியம் பிள்ளையைப் படுக்கவைக்க முடியாது, கொதிக்கும்.

பணம் கட்டும் முன் விற்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பஹாமாஸில் 2017-ல் ஃபயர் ஃபெஸ்டிவல் என்று விளம்பரம் செய்தார்கள். சொகுசு வில்லாக்கள் என்று சொல்லி வரவழைத்தார்கள், வந்தவர்களுக்குக் கிடைத்தது பேரிடர் நிவாரண டென்ட்டும் மழையில் ஊறிய மெத்தையும். அதை நடத்திய பில்லி மெக்ஃபார்லண்ட் மோசடிக் குற்றத்துக்காக 2018-ல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அது உச்சம். அன்றாடம் நடப்பது சின்னச் சின்ன ஏமாற்றம்: டென்ட் வாடகையில் விழா டிக்கெட் சேராது, கம்பளியும் தலையணையும் தனி, மின்சாரம் தனி, அந்த வயலுக்குள் வண்டி கொண்டுபோக அனுமதி தனி. "அனைத்தும் அடங்கும்" என்றால் எவை எவை என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு ஒருமுறை ஒரு நிறுவனம் குழந்தைக் கட்டில் உண்டு என்று போனில் சொல்லி, அங்கே போனபின் இல்லை என்றது. அன்றிலிருந்து போன் பேச்சை நான் நம்புவதில்லை.

உள்ளே அடுப்பு வைத்த டென்ட் என்றால் புகைபோக்கி சரியாக இருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்ததுபோல் தெரியும் கரி அடுப்பைக் குளிருக்காக உள்ளே கொண்டுவருவது உயிரை எடுக்கும். அந்த வாயுவுக்கு மணமில்லை, தூங்குகிறவர்கள் எழுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஏன் கட்டிவைத்த டென்ட்டுக்காக வாதாடுகிறேன்? வேலை யார் தலையில் விழுகிறது என்பதால். சொந்த டென்ட் என்று கிளம்பும் வீடுகளில் டென்ட்டைக் கட்டியவருக்குப் பாராட்டு கிடைக்கும். பட்டியல் போட்டது, கம்பளிகளை உருட்டிக் கட்டியது, ஈரத் துணியைப் பிரித்துக் காயவைத்தது, திரும்பி வந்து ஒரு வாரம் சேறு கழுவியது எல்லாம் பெரும்பாலும் அம்மாக்கள். அவர்களுக்கும் பாட்டு பிடிக்கும். மேடையில் யாராவது பாடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் வயலில் முளையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கடைசி நாள் களைப்பில் டென்ட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களும் ஏராளம். பிரிட்டன் விழாக்களில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,50,000 டென்ட்டுகள் கைவிடப்படுவதாக அங்குள்ள சுயாதீன விழா அமைப்பாளர்கள் சங்கம் 2019-ல் மதிப்பிட்டது. விழாவுக்கு விழா இடம் மாறி மறுபடி கட்டப்படும் வாடகைக் கான்வாஸ் எனக்கு அதைவிட மேலாகப் படுகிறது.

இந்தமுறை நாங்கள் எடுத்திருப்பது நடுத்தரமானது. பெரிய படுக்கையும் தனிக் குளியலறையும் உள்ள விலை உயர்ந்த டென்ட் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது, அதை விட்டுவிட்டோம். குடும்ப வயலில், கழிப்பறைக்கு இரண்டு வரிசை தள்ளி, மேட்டுப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பருத்தி டென்ட். மிச்சமான பணத்தில் அம்மாவுக்குக் கால் வைத்த கட்டிலும் பிள்ளைகளுக்குப் புதுக் காதுமூடிகளும் வாங்கியாகிவிட்டது. கம்பளம் உண்டா என்று மகள் கேட்டாள். பழைய பாய் ஒன்று எடுத்துப் போகிறோம்.