எங்கள் வரவை எண்ணுகிறவர்கள் உங்கள் வரவையும் எண்ணுங்கள்

80 சதவீத வரவு இல்லாதவர்கள் பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்ற அறிவித்தலை முதலாவது செமஸ்ரரின் இறுதியில் பலகையில் கண்டபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை. மாணவரின் வரவை இத்தனை கறாராக எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு, விரிவுரையாளர்கள் வராமல் விட்ட நாட்களை எண்ணுவதற்கு மட்டும் கணக்குத் தெரியாமல் போய்விட்டதா? இத்தனைக்கும் யாழ்ப்பாணத்து அரச கல்வி நிறுவனத்தில் நாங்கள் படிக்க வந்தது கணக்கியல் டிப்ளோமா.

நெல்லியடியில் காலையிலேயே பஸ் ஏறி, வல்லை வெளிக் காற்றில் மிதிபலகையில் தொங்கியபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, வகுப்பில் அரைமணி நேரம் காத்திருந்த பின்னர்தான், "சேர் இண்டைக்கு வரமாட்டாராம்" என்று வட்ஸ்அப்பில் செய்தி வரும். வருகைதரு விரிவுரையாளர்களுக்கு வேறு முழுநேர வேலை உண்டு என்பதும், மணித்தியாலக் கணக்கில் கிடைக்கும் கொடுப்பனவு பெரிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நிரந்தர ஆளணியை நியமிக்காதவர்களின் குறைக்கு, பஸ் காசு கொடுத்து வந்த நாங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

வந்த நாட்களிலாவது படிப்பித்தார்களா என்றால், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு முன்னால் ஆங்கில சிலைட்டுகளைத் திரையில் போட்டு, அவற்றை வரிக்கு வரி வாசித்துவிட்டுப் போவதற்குப் பெயர் விரிவுரை. அந்தச் சிலைட்டுகளும் எந்தக் காலத்தவையோ! 2024 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சந்தியிலுள்ள பலசரக்குக் கடைக்காரருக்கும் அது தெரியும். எங்கள் சிலைட்டில் அது இன்னமும் 8 சதவீதமாகவே இருந்தது. ஒரு மாணவி எழுந்து கேட்டதற்கு, "சோதினைக்கு உதையே எழுதுங்கோ" என்று பதில் கிடைத்தது. கணினி ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது செமஸ்ரர் முடியும் வரை துலங்காத மர்மமாக இருந்தபடியால், எக்செல் பாடத்தை வெண்பலகையில் கட்டம் கீறித்தான் படித்தோம். கட்டங்களுக்குள் இலக்கங்களை எழுதி, கூட்டுத்தொகையையும் சேரே மனக்கணக்கில் போட்டு எழுதினார் என்பதை நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம். ஆனால் நடந்தது அதுதான்.

இவற்றை முறையிடப் போனால் கிடைக்கும் மறுமொழிதான் எல்லாவற்றையும் விடக் கேவலமானது. "கம்பஸ் கிடைச்சிருந்தால் நீங்கள் ஏன் இஞ்ச வாறியள்?" பல்கலைக்கழக வர்த்தகப் பிரிவில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படும் ஒரு முறையில், யாழ்ப்பாணத்தில் தவறிப்போகிற அதே உயர்தர இசட் புள்ளியுடன் வேறொரு மாவட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போகலாம். அந்த ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. அதற்கு நியாயம் உண்டு. ஆனால் சில தசமங்களில் இடம் தவறியவர்களை மூளையில்லாதவர்கள் என்று நினைத்து நடத்துகிற உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது? எங்கள் தரம் அவ்வளவு தாழ்ந்தது என்றால், இன்னும் கூடுதலாக அல்லவா படிப்பிக்க வேண்டும்!

வகுப்புக்கு வராத சேர்களில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து ரியூட்டரி ஒன்றில் இதே பாடத்தைக் காசுக்குப் படிப்பிக்கிறார். அங்கே ஒரு நாளும் அவர் பிந்துவதில்லை என்றும், தமிழில் விளக்கம் சொல்லி, புதிய வரி வீதத்தில் கணக்குச் செய்து காட்டி, அச்சடித்த குறிப்பும் கொடுக்கிறார் என்றும் போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு, அடுத்த செமஸ்ரருக்கு நானும் அங்கே பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் மாதக் காசை முன்னதாகவே கட்டிவிட வேண்டுமாம்.