கர்ப்பப்பையை எடுத்தா மைக்ரேன் போயிடுமாம்!

அந்த வீடியோவை இதுவரைக்கும் பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன், போதும். "புள்ள பெத்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு, எடுத்துட்டா ஒத்தைத் தலைவலியும் விட்டுது"ன்னு சிரிச்ச முகமா சொல்றாங்க. கீழே வரிசையா ஹார்ட்டின்.

மாதவிடாய் மைக்ரேனைக் கிளப்புறது கர்ப்பப்பை இல்லீங்க. பீரியட்ஸுக்கு முன்னால ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் சரிஞ்சு விழுதே, அந்தச் சரிவு. அந்த ஹார்மோனைச் சுரக்கிறது சினைப்பை. 1970களின் தொடக்கத்திலேயே ஆஸ்திரேலியாவில் சோமர்வில்னு ஒரு டாக்டர் சோதிச்சுப் பார்த்தார். தேதி நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டா உதிரப்போக்கு வழக்கமான நாள்ல வந்தது, தலைவலி தள்ளிப்போச்சு. புரொஜெஸ்டிரோன்ங்கிற இன்னொரு ஹார்மோன் போட்டா நேர்மாறு: உதிரப்போக்கு தள்ளிப்போச்சு, தலைவலி தேதி தவறாம வந்துச்சு. ரெண்டும் வேற வேற கணக்கு.

அப்போ பையை மட்டும் எடுத்தா? சினைப்பை தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும். வலி மாசாமாசம் வரும், எப்போ வரும்னு சொல்ற தேதிதான் போயிடும். சினைப்பையையும் சேர்த்து எடுத்தா இன்னும் மோசம். இயற்கையா வருஷக்கணக்குல நடக்குற இறக்கம் ஒரே நாள்ல நடக்கும். 1993இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வுல, இயற்கையா மாதவிடாய் நின்றவங்களில் மூணில் ரெண்டு பங்குக்கு மைக்ரேன் குறைஞ்சது. ஆபரேஷன்ல நின்றவங்களில் மூணில் ரெண்டு பங்குக்குக் கூடிடுச்சு.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அந்த வீடியோ அக்காவும் இல்லை.

"கட்டி இருந்தா?" எடுங்க, யார் வேண்டாம்னா? ஃபைப்ராய்டு, ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்குற அளவு உதிரப்போக்கு, இதெல்லாம் காரணம். தலைவலி காரணம் இல்லை. இல்லவே இல்லை.

முதல்ல பால் கணக்கு எழுதுற காலண்டர்லயே மூணு மாசம் குறிங்க. பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாலிருந்து மூணாம் நாள் வரைக்குள்ள, மூணுல ரெண்டு மாசமாவது வலி வந்தாத்தான் அதுக்குப் பேரு மாதவிடாய் மைக்ரேன். அந்த அஞ்சாறு நாளுக்கு மட்டும் முன்கூட்டியே நேப்ராக்சன் 500ங்கிற வலி மாத்திரையைக் காலையும் ராத்திரியும் போடச் சொல்லி டாக்டர் எழுதித் தருவாங்க (வயித்துப்புண், கிட்னி பிரச்சினை இருந்தா கூடாது). மாத்திரை போட்ட நாளையும் எண்ணுங்க. சாதா வலி மாத்திரை மாசம் 15 நாள், மைக்ரேனுக்குன்னே இருக்குற டிரிப்டான் மாத்திரை 10 நாள்னு மூணு மாசத்துக்கு மேல போனா அந்த மாத்திரையே தலைவலி கொடுக்கும். அதுக்கு எந்தப் பையை எடுப்பீங்க?

சினைப்பையை எடுத்தே ஆகணும்னா, அதைத் தற்காலிகமா அடக்குற ஊசி போட்டு வலி எப்படி இருக்குன்னு ரெண்டு மூணு மாசம் பார்க்கலாமான்னு கேளுங்க. எடுத்த பிறகு ஈஸ்ட்ரோஜன் தேவைன்னா வாய்வழி மாத்திரையை விட தோல்ல ஒட்டுற பேட்ச், தடவுற ஜெல் நல்லது, அளவு சீரா இருக்கும். கண்ணுல மின்னல் கோடு தெரிஞ்சு வலி வர்றவங்களுக்குக் ரெண்டு ஹார்மோனும் கலந்த கருத்தடை மாத்திரை ஆகாது, பக்கவாத ஆபத்து. பேட்ச்ல இருக்குற ஈஸ்ட்ரோஜன் அளவு கம்மி, அதுக்குக் கணக்கு வேற. "ஹார்மோன்னாலே கேன்சர்"னு வர்றவங்களுக்கு இன்னிக்குப் பதில் சொல்ற பொறுமை எனக்கு இல்லை.

எங்க தெரு அக்கா ஒருத்தங்க, 38 வயசு. தைலம் தடவின கையோட டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி "இதுல என்னம்மா போட்டிருக்கு"ன்னாங்க. ஆபரேஷன் பேருக்குப் பின்னால 'பி.எஸ்.ஓ'ன்னு மூணே எழுத்து. ரெண்டு சினைப்பையும் போச்சுன்னு அர்த்தம். எட்டு மாசமா அவங்களுக்கே தெரியாது. வீட்டுக்காரர்தான் கையெழுத்து போட்டாராம். தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷனைத் தடுக்கணும்னு 2023லயே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டாச்சு. நம்மாளு ஹார்ட்டின் போட்டுக்கிட்டு இருக்கான்.

பதினோராவதா வீடியோ அனுப்பினவர் ஓர் அண்ணன். அவருக்கும் மைக்ரேன் உண்டு. "நீங்க எதை எடுக்கப் போறீங்க?"ன்னு கேட்டிருக்கேன். நீல டிக் வந்துடுச்சு. பதில் வரலை.