ரபவுலை மூடியது எரிமலைக் குழம்பு அல்ல

"1994இல் பப்புவா நியூ கினியின் ரபவுல் நகரம் எச்சரிக்கையே இன்றி எரிமலைக் குழம்பில் புதைந்தது, ஆயிரக்கணக்கானோர் பலி" என்றொரு செய்தி பகிரப்படுகிறது. ஆண்டும் ஊரும் மட்டும்தான் சரி.

நியூ பிரிட்டன் தீவின் வடகிழக்கில் இருக்கும் கசல் தீபகற்பத்தில், பழைய எரிமலைப் பெருவெடிப்பில் உள்ளிடிந்த பள்ளத்தின் விளிம்பில் அமைந்த துறைமுகம் ரபவுல். அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்ததால்தான் அத்தனை அழகான துறைமுகம் கிடைத்தது. ஆபத்தும் அதிலேயே இருந்தது.

செப்டம்பர் 19 அதிகாலை, டவுர்வுர், வல்கன் என்ற இரண்டு எரிமலை வாய்களும் வெடித்தன. ஆனால் சுமார் 27 மணி நேரம் முன்பே நிலநடுக்கங்கள் தொடங்கிவிட்டன. 1937 வெடிப்பில் ஏறத்தாழ 500 பேரை இழந்த ஊர் அது. மக்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். இறந்தோர் ஒற்றை இலக்கத்தினரே. அவர்களில் ஒருவர் மின்னல் தாக்கி இறந்தார்!

நகரை அழித்தது சாம்பல். தென்கிழக்குக் காற்று டவுர்வுரின் சாம்பலை ஊர்மேல் கொட்டியது. ஈரத்தில் கனத்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. விமான நிலையமும் போயிற்று. பின்னர் மாகாணத் தலைநகர் கோகோபோவுக்கு மாறியது. ரபவுலில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். டவுர்வுரின் வெதுவெதுப்பான மண்ணில் மெகாபோட் பறவைகள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகின்றன. அடைகாக்கும் வேலை எரிமலைக்கு.