எறும்பு கடிக்கிற மாதிரி இல்ல, வலிக்கும்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகளுக்கு டெங்கு வந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிளேட்லெட் பார்க்கக் காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள், டிரிப்ஸ் ஏற்றக் கையில் போட்டிருந்த வென்ஃப்ளான் ஊசிக் குழாய் இருந்த இடம் வீங்கிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு இன்னொரு கையில் போடப் பார்த்தார்கள், நரம்பு கிடைக்கவில்லை. நாலு இடத்தில் குத்த வேண்டி வந்தது. அவள் அப்பா காலைப் பிடித்துக்கொண்டார், நான் தோளை அழுத்திக்கொண்டேன். "ஒண்ணும் இல்லடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொன்னது நான்தான். நாலு தடவையும் சொன்னேன்.

அந்த சிஸ்டர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உடம்பில் நீர் குறைந்த குழந்தைக்கு நரம்பு பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணால் பார்த்தேன். பிள்ளையைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். நான் சொல்ல வந்தது வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி.

காய்ச்சல் போய், பசி திரும்பி, ஆள் தேறிவிட்டாள். ஆனால் மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் திரும்பி வந்தது. ராத்திரி படுக்கையை நனைத்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட யாரையாவது தெருவில் பார்த்தால் என் பின்னால் ஒளிந்தாள். பகல் முழுக்க ஒரே விளையாட்டு. காய்ச்சல் மருந்தை அளந்து கொடுக்க வைத்திருந்த, ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு துணிப் பொம்மைக்கு ஊசி போடுவாள். கையில், காலில், வயிற்றில், நெற்றியில். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. விளையாடுகிற பிள்ளையின் முகத்தில் சிரிப்பே இருக்காது.

என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, வெளையாட்டுக்குக்கூட ஊசி வேண்டாம்ட்டி, நோக்காடு திரும்பி வந்துரும்" என்று அதட்டினாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நடந்ததை மறக்கட்டும் என்று நினைத்தேன். சிரிஞ்சை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு ஒரு சொப்புச் சாமான் செட் வாங்கிக் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்து ஊசி போட்டாள். பென்சிலைப் பிடுங்கினேன். ஆள்காட்டி விரலால் போட்டாள்.

தூக்கம் கெட்டுப்போய் மூன்று வாரம் ஆன பிறகு, குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிஞ்சைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். பக்கத்தில் உட்காருங்கள், அவள் சொல்வதை மட்டும் செய்யுங்கள், ஆறுதல் சொல்லாதீர்கள், பாடம் எடுக்காதீர்கள், போனைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவுதான் அவர் கொடுத்த மருந்து.

சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் என்னைக் கூப்பிட்டு, "நீதான் அப்பா" என்றாள். பொம்மையின் காலைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். "அழுத்தாத. சும்மா பிடி." அப்புறம் பொம்மையின் காதுப் பக்கம் குனிந்து சொன்னாள்: "எறும்பு கடிக்கிற மாதிரி இல்ல, வலிக்கும். அழுதுக்கோ. கையை மட்டும் ஆட்டாத." ஊசி போட்டாள். பஞ்சை வைத்துத் தேய்த்தாள். பிளாஸ்டர் ஒட்டினாள். பொம்மையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தாள்.

நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஒரு மாதம் முழுக்க "என்னடா பயம் உனக்கு? அம்மாகிட்ட சொல்லு" என்று நூறு தடவை கேட்டிருப்பேன். தெரியாது என்று தலையாட்டுவாள். நிஜமாகவே அதற்கு அவளிடம் வார்த்தை கிடையாது. அம்மா பொய் சொன்னாள், அப்பா அழுத்தினார், அழக்கூட விடவில்லை என்று ஐந்து வயதுப் பிள்ளை வரிசையாக எடுத்துச் சொல்லிவிடுமா? ஆனால் பொம்மையிடம் சொல்ல முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் படுத்திருந்தவள். விளையாட்டில் ஊசி அவள் கையில். எப்போது குத்துவது, எப்போது நிறுத்துவது, யார் எப்படிப் பிடிப்பது எல்லாம் அவள் முடிவு. நடந்த அதே விஷயத்தை, தனக்குத் தாங்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக்கி, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். நான் அதைப் பிடுங்கிப் பரணில் போட்டிருந்தேன்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகம் இல்லை. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1928-ல் குழந்தைகளுக்காக ஒரு கிளினிக் தொடங்கி, மணல் தட்டையும் சின்னச் சின்னப் பொம்மைகளையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அதில் அவர்கள் கட்டியதை அவர்களே 'உலகம்' என்று அழைத்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற உளவியலாளர் 1947-ல் விளையாட்டுச் சிகிச்சை பற்றி எழுதிய புத்தகத்தில் எட்டு அடிப்படைகளைச் சொன்னார். என்னைத் தொட்டவை இரண்டு: வழிகாட்டுவது குழந்தை, பெரியவர் பின்னால் போக வேண்டும் என்பது ஒன்று; அவசரப்படுத்தவே கூடாது என்பது இன்னொன்று. நமக்கு எவ்வளவு கஷ்டமான விஷயங்கள் பாருங்கள். பிள்ளை மண்ணில் வீடு கட்டினால்கூட "கதவு எங்கே, ஜன்னல் எங்கே" என்று கேட்டுத் திருத்துகிறவர்கள் நாம்.

எல்லா விளையாட்டும் தானாக ஆற்றிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1976-ல் கலிபோர்னியாவின் சௌச்சில்லா ஊரில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்திப் போய், மண்ணுக்கடியில் புதைத்த ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் தப்பி வந்தார்கள். பிறகு அவர்களைத் தொடர்ந்து சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களில் சிலரின் விளையாட்டு அப்படியே உறைந்துபோயிருந்ததைக் கவனித்து எழுதினார். அதே காட்சி, அதே முடிவு, சிரிப்பில்லாமல், விளையாடி முடித்ததும் பயம் கூடுகிறது. என் மகளின் விளையாட்டும் முதலில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் அது நகர்ந்தது. வாரக்கணக்கில் நகராமல் நின்றால் பயிற்சி பெற்றவரிடம் போயே ஆக வேண்டும். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்தக் காலத்து விதிப்படி அம்மா கூடவே இருக்க முடியாது, வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அந்த முகம் நாளுக்கு நாள் மாறுவதைக் கேமரா அப்படியே காட்டியது. மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் நலன் பற்றி 1959-ல் வந்த பிளாட் கமிட்டி அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும், வார்டில் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அங்கே பல ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளோடு விளையாடுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் முகம் வரையாத ஒரு வெள்ளைத் துணிப் பொம்மையைக் கொடுத்து, முகத்தைக் குழந்தையையே வரையச் சொல்லி, அதற்கு மாஸ்க் போட்டு, டியூப் ஒட்டி, என்ன நடக்கப்போகிறது என்று காட்டுவார்கள்.

யோசித்துப் பார்த்தால், அவர்கள் போராடி வாங்கியதில் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம் ஊர் குழந்தைகள் வார்டில் அம்மாவை யாரும் வெளியே அனுப்புவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து அவளும், வாசலில் துண்டை விரித்து அப்பாவும் கிடப்பார்கள். இன்னொரு பாதிதான் இல்லை. எங்கள் வார்டில் சுவரெல்லாம் மிக்கி மவுஸ் வரைந்திருந்தது. கையில் எடுத்து விளையாட ஒரு பொம்மை கிடையாது.

பதிலுக்கு நம்மிடம் இருப்பது போன். டிரிப்ஸ் ஏறும் கையோடு, இன்னொரு கையில் யூடியூப். குத்தும் அந்த நிமிடத்துக்குக் கவனத்தைத் திருப்பினால் வலி குறைவாகத் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு நாளும் அதையே கொடுத்தால் பயம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது நம் வீட்டு மிரட்டலைக் கேட்கும்போதுதான்: "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்." வருடம் முழுக்க ஊசியைத் தண்டனை என்று பழக்கிவிட்டு, காய்ச்சல் வந்த அன்றைக்கு அது நல்லதுக்குத்தான் என்றால் பிள்ளை எதை நம்பும்? தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

வசதி இல்லை என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். போர் நடந்துகொண்டிருந்த மட்டக்களப்பில் 1996-ல் பிள்ளைகள் விளையாடித் தேறுவதற்காக 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்ற இடத்தைத் தொடங்கினார்கள். கனடாவிலிருந்து வந்த ஓவியர் பால் ஹோகனும், அந்த மண்ணின் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதை முன்னின்று நடத்தினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், சாயம் பூசினார்கள், கதை கட்டி நடித்தார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவில் அது முடிந்தது என்றால், மேலே ஃபேன் ஓடுகிற ஒரு வார்டில் ஏன் முடியாது?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்ச், பஞ்சு, பிளாஸ்டர், அரை அடி டிரிப்ஸ் டியூப், ஒரு மாஸ்க், ஒரு துணிப் பொம்மை. தொற்று பயம் இருந்தால் பிள்ளைக்கு ஒரு பொம்மை, வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார, அவசரப்படாத ஒரு ஆள். செவிலியர் பயிற்சியில் இருக்கும் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தால்கூடப் போதும், அவர்களுக்கு இது நன்றாக வரும்.

போன மாதம் மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருந்தது. லேபில் இருந்த அக்காவிடம், "எத்தனை தடவை குத்துவீங்க?" என்று கேட்டாள். "ஒரு தடவைதான். கிடைக்கலைன்னா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் ரெண்டாவது" என்றார் அந்தப் பெண். அழுதாள், நன்றாகவே அழுதாள். கை ஆடவில்லை.

அன்று அதட்டிய என் அம்மா இப்போது அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பொம்மை தைக்கிறாள். பதினொன்று ஆகியிருக்கிறது. கண்ணும் மூக்கும் வைக்காமல் விட்டிருக்கிறாள், அந்தந்தப் பிள்ளை வரைந்துகொள்ளட்டும் என்று. உங்கள் ஊர்க் குழந்தைகள் வார்டில் வாங்கிக்கொள்கிற சிஸ்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.